மெக்ஸிகோவின் வெள்ளிச் சாலை: மெக்ஸிகோ நகரிலிருந்து துராங்கோ வரை போக ஒரு முழுமையான வழிகாட்டி

மெக்ஸிகோ நகரிலிருந்து வடக்கே போகும் பழைய சாலைக்குக் கமினோ ரியல் தெ தியெர்ரா அதென்ட்ரோ என்று பெயர். வடக்குச் சுரங்கங்களின் வெள்ளி தெற்கே வந்ததும், அந்தச் சுரங்கங்களுக்கு வேண்டிய பாதரசம், துணி, தானியம் எல்லாம் வடக்கே போனதும் இந்த வழியில்தான். மொத்தம் சுமார் 2,600 கிலோமீட்டர், அமெரிக்காவின் டெக்ஸாஸ், நியூ மெக்ஸிகோ வரை நீளும். அதில் மெக்ஸிகோவுக்குள் 1,400 கிலோமீட்டர் நீளத்தை ஒட்டியிருக்கும் 60 இடங்களை யுனெஸ்கோ 2010-இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இங்கே போய்விட்டு வரும் பலர் நாலைந்து அழகான ஊர்களைப் பார்க்கிறார்கள், சாலையைப் பார்ப்பதில்லை. ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ராத்திரி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போனால் நடுவில் இருக்கும் பாலம், கோட்டை, மருத்துவமனை, தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரித்த சுத்திகரிப்புப் பண்ணை எதுவும் கண்ணில் படாது. கடைசியில் எல்லா ஊரும் ஒரே மாதிரி இருக்கிறது என்று திரும்பி வருவார்கள். கீழே சொல்லியிருக்கும் வரிசை அதைத் தவிர்க்கத்தான்.

1. எந்தத் துண்டு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

60 இடங்களையும் ஒரே பயணத்தில் பார்க்க நினைக்காதீர்கள். வடகோடியில் இருக்கும் வாயே தெ அயேந்தே சிவாவா மாநிலத்தில் இருக்கிறது, அதற்கே தனியாக நாட்கள் வேண்டும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது மெக்ஸிகோ நகரம் முதல் ஸகதேகாஸ் வரை. இதற்கு பத்து நாள் இருந்தால் நிதானமாகப் போகலாம். இரண்டு வாரம் கையில் இருந்தால் துராங்கோ வரை நீட்டலாம். ஒரு வாரம்தான் லீவு என்றால் குவானஹுவாதோவோடு நிறுத்திவிடுங்கள். அவசரத்தில் ஸகதேகாஸை ஒரே பகலில் முடிப்பதைவிட அதை அடுத்த முறைக்கு வைப்பது நல்லது.

இன்னொன்று, தாஸ்கோவை இந்தத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டு வருபவர்கள் அதிகம். வெள்ளி ஊர் என்று பேர் கேட்டதும் சேர்த்துவிடுகிறார்கள். அது மெக்ஸிகோ நகருக்குத் தெற்கே, நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. சான் லூயிஸ் பொதோசி மாநிலத்தின் ரியால் தெ கதோர்சேயும் அப்படித்தான், பழைய வெள்ளி ஊர் என்பது சரி, ஆனால் இந்த 60-இல் கிடையாது. இரண்டும் பார்க்க வேண்டிய ஊர்களே, தனியாகப் போங்கள்.

2. 60 இடங்களையும் வகை பிரித்து மேப்பில் போடுங்கள்

இந்த வேலையை வீட்டிலேயே செய்துவிட வேண்டும். யுனெஸ்கோ தளத்தில் இந்த மரபுச் சின்னத்தின் எண் 1351. அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் பெயரும் அட்சரேகை, தீர்க்கரேகையும் இருக்கும். அவற்றை கூகுள் மேப்ஸில் ஒரு பட்டியலாகச் சேமித்து, அந்தப் பகுதிகளின் மேப்பை ஆஃப்லைனுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் நம்பித் தேடினால் அதே பெயரில் மூன்று ஊர் வரும், புனிதர் பெயர் வைத்த ஊர்கள் அங்கே அவ்வளவு.

அப்புறம் நிறம் கொடுத்துப் பிரியுங்கள்: சுரங்கம், தாது சுத்திகரித்த பண்ணை, விளைச்சலும் கால்நடையும் தந்த பண்ணை, காவல்கோட்டை, மருத்துவமனை, பாலம், கோயிலும் மடமும், பிறகு முழு ஊர்கள். பட்டியலில் ஒரு கல்லறைத் தோட்டம்கூட உண்டு, ஹலிஸ்கோ மாநிலத்தின் என்கர்னாசியோன் தெ தியாஸில்.

இப்படிப் பிரித்தால்தான் எது எதற்காக இருந்தது என்று புரியும். அதற்கு வெள்ளி எடுத்த முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1550-களின் நடுவில் பச்சூகாவில் பார்தொலொமே தெ மெதினா என்பவர் பாதரசத்தை வைத்து வெள்ளியைப் பிரிக்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். தாதுவை மாவாக அரைத்து, உப்பும் செம்புத் தாதுப் பொடியும் பாதரசமும் கலந்து, கல் பாவிய பெரிய முற்றத்தில் சேறாகப் பரப்பி, கோவேறு கழுதைகளை விட்டு வாரக் கணக்கில் மிதிக்க வைப்பார்கள். பாதரசம் வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதைக் கழுவி, சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கினால் வெள்ளி மிஞ்சும். விறகு குறைவாகவும் மட்டமான தாது ஏராளமாகவும் இருந்த இடத்துக்கு இது தோதான முறை.

ஆக, பாதரசம் இல்லாமல் வெள்ளி இல்லை. அது ஸ்பெயினின் அல்மதேன் சுரங்கத்திலிருந்து கடல் கடந்து வந்தது. கழுதைகளுக்குத் தீவனம் வேண்டும், ஆட்களுக்குச் சோளம் வேண்டும், வழியில் காவல் வேண்டும், நோயாளிக்குப் படுக்கை வேண்டும். பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு இடமும் இதில் ஏதோ ஒன்றுக்குப் பதில். மேப்பைத் திறந்தால் இந்தக் கேள்வியோடு பாருங்கள்.

3. தேதி குறிக்கும்போது கிழமையைப் பாருங்கள்

மாதத்தைவிடக் கிழமைதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. மெக்ஸிகோவின் தேசிய மானுடவியல் வரலாற்று நிறுவனம் நடத்தும் அருங்காட்சியகங்கள் பொதுவாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும். தெபோட்சோத்லானுக்கும் குவாதலூப்பே மடத்துக்கும் போகும் நாள் திங்களாக அமைந்துவிட்டால், இரண்டுமே வெளிச்சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் இடங்களாகிவிடும். திங்களை ஊர் மாறும் நாளாக வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை உள்நாட்டவருக்கு இலவசம் என்பதால் கூட்டம் அதிகம்.

மாதம் என்றால், ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, பெரும்பாலும் பிற்பகலில். டிசம்பர், ஜனவரியில் ஸகதேகாஸ் இரவுகளில் குளிர் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், நம் ஊர் ஸ்வெட்டர் தாங்காது. அக்டோபரில் குவானஹுவாதோவில் செர்வான்தீனோ கலைவிழா நடக்கும், மாதக் கணக்கில் முன்பே ரூம் போடாதவர்கள் பக்கத்து ஊரில்தான் தங்க வேண்டிவரும். புனித வாரத்தில் எல்லா ஊரிலும் இதே நிலைமை. நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரையும், பிப்ரவரியும் எனக்குப் பிடித்த காலம்.

4. விசா, பணம், உடம்பு

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா தேவை. ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகளில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா கையில் இருந்தால் மெக்ஸிகோ விசா தனியாக எடுக்காமல் போக விதி இடம் தந்துவந்திருக்கிறது. விதிகள் மாறும் என்பதால் டிக்கெட் போடுவதற்கு முன் தூதரகப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், டிக்கெட் போட்ட பிறகு பார்ப்பதில் பயனில்லை.

பெரிய ஊர்களில் கார்டு ஓடும். சின்ன ஊர்களில் கோயில் காணிக்கை, கழிப்பறை, சந்தைச் சாப்பாடு, டாக்ஸி எல்லாம் ரொக்கம். பெரிய நோட்டுக்குச் சில்லறை கிடைக்காது, இருபது ஐம்பது பெஸோ நோட்டுகளாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உயரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மெக்ஸிகோ நகரம் 2,240 மீட்டர், ஊட்டிக்குச் சமம். ஸகதேகாஸ் அதைவிட உயரம், 2,400-க்கு மேல். முதல் இரண்டு நாள் படியேறும் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், தண்ணீர் நிறைய குடியுங்கள். தெருக்கள் உருண்டைக் கல் பாவியவை, மழை பெய்தால் வழுக்கும். பிடிமானமுள்ள ஷூ கட்டாயம்.

5. பாதுகாப்பைப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸா காரா என்று முடிவு

இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் காரை வாடகைக்குப் பேசிவிட்டுப் பிறகு செய்தி பார்ப்பவர்கள், பேசிய பணம் போய்விடுமே என்று போகக்கூடாத சாலையிலும் போகிறார்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். ஸகதேகாஸ் மாநிலம் பல ஆண்டுகளாகக் குற்றக் கும்பல்களின் மோதலில் சிக்கியிருக்கிறது. அமெரிக்க அரசு தன் குடிமக்களை அந்த மாநிலத்துக்குப் போக வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது. குவானஹுவாதோ மாநிலத்தின் சில பகுதிகளிலும் வன்முறை உண்டு. ஊர் மையங்களில் பகலில் மக்கள் சாதாரணமாக நடமாடுகிறார்கள், சிக்கல் பெரும்பாலும் ஊர்களுக்கு நடுவே. கிளம்பும் வாரத்தில் நிலவரத்தைப் பாருங்கள், தங்கப்போகும் விடுதிக்காரரிடமும் கேளுங்கள். அவர்கள் ஒரு சாலையில் போகாதே என்றால் விவாதம் செய்யாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே என் ஆலோசனை: குவானஹுவாதோவுக்குத் தெற்கே கார் சரி, பாலங்களையும் பண்ணைகளையும் பார்க்க அதுதான் வசதி. அதற்கு வடக்கே முதல் வகுப்பு பஸ். ஈ.டி.என்., பிரிமெரா பிளஸ், ஓம்னிபுஸ் தெ மெக்ஸிகோ போன்ற கம்பெனிகளின் பஸ்கள் மெக்ஸிகோ நகரின் வடக்கு டெர்மினலிலிருந்து கிளம்புகின்றன, மெட்ரோ ஐந்தாம் தடத்தில் ஆட்டோபூசெஸ் தெல் நோர்தே நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது. பகல் பஸ்ஸாகவே எடுங்கள், பாதுகாப்புக்கும், ஜன்னல் வழியாக நிலம் மாறுவதைப் பார்ப்பதற்கும். கெரெத்தாரோ பக்கம் பச்சையாக இருக்கும் நிலம் ஸகதேகாஸை நெருங்கும்போது கள்ளியும் செம்மண்ணுமாக ஆகிவிடும். தீவனமும் தானியமும் ஏன் தெற்கிலிருந்து போக வேண்டியிருந்தது என்று கேட்காமலே தெரியும்.

கார் எடுப்பவர்களுக்கு மூன்று விஷயம். இணையத்தில் காட்டும் மலிவான வாடகையில் மூன்றாம் நபர் காப்பீடு பெரும்பாலும் சேராது, அது கட்டாயம், கவுன்டரில் தொகை இரட்டிப்பாகும்போது சண்டை போட்டுப் பயனில்லை, முன்பே எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது, இலவசச் சாலையை விட்டுக் கட்டணச் சாலையில் போங்கள், சுங்கச்சாவடிக்கு ரொக்கம் வையுங்கள். மூன்றாவது, இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். ஊருக்குள் நுழையும் இடத்திலெல்லாம் தோபே என்ற வேகத்தடை இருக்கும், பாதிக்குமேல் பெயின்ட் கிடையாது. வண்டி நின்றுவிட்டால் 078-க்குப் போன் போட்டால் அரசின் பச்சை வண்டி உதவிக்கு வரும்.

6. மெக்ஸிகோ நகரில் நாணயச்சாலையில் தொடங்குங்கள்

எல்லாரும் பெரிய சதுக்கத்தையும் தேவாலயத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தச் சதுக்கத்திலிருந்து கிழக்கே கிளம்பும் மொனேதா தெருவில் பழைய நாணயச்சாலைக் கட்டடம் இருக்கிறது, இப்போது உலகப் பண்பாடுகளின் தேசிய அருங்காட்சியகம். அங்கே முதலில் போங்கள். வடக்கிலிருந்து வந்த கட்டிகள் காசாக மாறிய இடம் இது. முற்றத்தின் அளவைப் பார்த்தாலே எவ்வளவு வெள்ளி வந்தது என்று ஒரு மதிப்பு கிடைக்கும், பிறகு மேலே போகும் ஊர்களை அந்த அளவோடு வைத்துப் பார்க்கலாம்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இங்கே அடித்த காசுகள் அகபுல்கோவிலிருந்து கப்பலேறி மணிலாவுக்குப் போயின. சென்னையிலிருந்து மணிலாவுக்குத் துணி கொண்டுபோன வணிகர்கள் திரும்பும்போது எடுத்துவந்தது இந்த வெள்ளியைத்தான். அவர்களில் ஆர்மீனியர்களும் உண்டு, சைதாப்பேட்டை மர்மலாங் பாலத்தை 1720-களில் தன் பணத்தில் கட்டிய கோஜா பெத்ரூஸ் உஸ்கான் மணிலா வியாபாரத்தில் சம்பாதித்தவர்.

அடுத்து சாந்தோ தொமிங்கோ சதுக்கம். வடக்கே போகும் பாதை அங்கிருந்துதான் கிளம்பியது. பத்து நிமிட நடை.

7. தெபோட்சோத்லான் முதல் கெரெத்தாரோ வரை: பாலங்களைத் தவறவிடாதீர்கள்

மெக்ஸிகோ நகரிலிருந்து கெரெத்தாரோ சுமார் 210 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். போய்விடாதீர்கள். ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

முதல் நிறுத்தம் தெபோட்சோத்லான். இயேசு சபையினரின் பழைய கல்லூரி, இப்போது தேசிய வைஸ்ராய் கால அருங்காட்சியகம். தங்கத் தகடு ஒட்டிய பலிபீடங்களை எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு கோயில் வெள்ளிச் சாமான்கள் இருக்கும் பகுதிக்கும் போங்கள். காலை பத்து மணிக்குள் போனால் பள்ளிக் குழந்தைகளின் கூட்டத்துக்கு முன் பார்த்துவிடலாம்.

அடுத்து அகுல்கோ. இந்த ஊரும், பக்கத்தில் அதோங்கோ பாலமும், இங்கிருந்து சான் ஹுவான் தெல் ரியோ வரையிலான பழைய சாலைத் துண்டும் பட்டியலில் தனித்தனியாக இருக்கின்றன. சாலையையே பார்க்கும் வாய்ப்பு இங்கேதான். பாலத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கீழே இறங்குங்கள், மேலே நின்று போட்டோ எடுப்பதோடு விடாதீர்கள். ஒரு கல் பாலத்தை எப்போதும் நீர் வரும் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். தூண்களின் கல் எந்தப் பக்கம் கூராக நீட்டிக்கொண்டிருக்கிறது, வெள்ளக் கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, வளைவின் நடுக்கல் எந்த அளவு என்று பாருங்கள். இப்போது ஓடுவது ஒரு சின்ன ஓடைதான், இதற்கு இவ்வளவு பெரிய பாலமா என்று தோன்றும். மழை மாதங்களில் ஏற்றிய கழுதைகள் கரையில் காத்துக் கிடந்தால் ஒவ்வொரு நாளும் தீவனச் செலவு. பாலத்தின் கணக்கு அதில் இருக்கிறது.

சான் ஹுவான் தெல் ரியோவில் 1711-இல் முடிந்த கல் பாலம் இன்னும் ஊருக்குள் நிற்கிறது, அதை வரைந்தவர் பேத்ரோ தெ அர்ரியேத்தா. பழைய மருத்துவமனைக் கட்டடமும் இதே ஊரில் உண்டு.

கெரெத்தாரோவை இரவு தங்கும் ஊராக வையுங்கள். 74 வளைவுகள் கொண்ட நீர்க்குழாய்ப் பாலம் 18-ஆம் நூற்றாண்டு, அதைக் கீழிருந்து பார்ப்பதைவிடச் சாந்தா குரூஸ் மடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மேட்டிலிருந்து பார்த்தால் முழு வரிசையும் தெரியும்.

பண்ணைகள் பற்றி ஒரு எச்சரிக்கை. சிச்சிமெக்கியாஸ் போன்ற பழைய பண்ணைகள் பட்டியலில் இருந்தாலும் எல்லாமே பார்வையாளர்களுக்காகத் திறந்து வைத்தவை என்று எண்ணிவிடாதீர்கள், இந்தச் சாலையில் பல பண்ணைகள் தனியார் வீடுகள். வாசலில் நின்று கேளுங்கள், விட்டால் போங்கள், இல்லையென்றால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள். வேலி தாண்டுவது அவமரியாதை, அந்தப் பகுதிகளில் ஆபத்தும்கூட.

8. சான் மிகெல் தெ அயேந்தே, அதோதோனில்கோ

கெரெத்தாரோவிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். ஊரில் தங்கும் செலவு மற்ற ஊர்களைவிட அதிகம், ஒரு இரவு போதும். நடுவில் நிற்கும் இளஞ்சிவப்புக் கோபுரத்தைக் காலனிக் காலக் கட்டடம் என்றே பலர் எழுதுகிறார்கள். முகப்பு 1880-களில் கட்டியது. வெள்ளிச் சாலைக்காகப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது பழைய சான் ஹுவான் தெ தியோஸ் மருத்துவமனையும், ஊருக்கு வெளியே இருக்கும் எல் பிரெய்லே பாலமும். இரண்டுமே பட்டியலில் தனி எண் பெற்றவை, கூட்டமே இருக்காது.

அதோதோனில்கோ சுமார் 14 கிலோமீட்டரில். வெளியே வெறும் வெள்ளைச் சுவர். உள்ளே சுவரும் கூரையும் இடம் விடாமல் ஓவியம், வரைந்தவர் மிகெல் அந்தோனியோ மார்த்தினெஸ் தெ பொக்கசாங்ரே. இன்றும் தவப் பயிற்சிக்கு ஆயிரக்கணக்கில் மக்கள் வந்து தங்கும் கோயில் இது. பூசை நேரத்தில் கேமராவைப் பைக்குள் வையுங்கள்.

9. குவானஹுவாதோ: மேலிருந்து கீழே

இந்த ஊரில் வரிசை தப்பினால் கால் வலிதான் மிச்சம். மேலே வலென்சியானாவில் தொடங்கி, நடுவில் ஊரைப் பார்த்து, கீழே மார்ஃபிலில் முடியுங்கள். தாது போன திசையும் அதுதான். சுரங்கம் மேட்டில், சுத்திகரிப்புப் பண்ணைகள் தண்ணீர் ஓடும் பள்ளத்தில்.

காலையில் அல்ஹோந்திகா என்ற பழைய தானியக் கிடங்குக்கு எதிரிலிருந்து வலென்சியானா என்று கண்ணாடியில் எழுதிய பஸ்ஸில் ஏறுங்கள். சான் கயெத்தானோ கோயில் 1765 முதல் 1788 வரை கட்டியது, உள்ளே மூன்று தங்கப் பலிபீடங்கள். பக்கத்தில் சுரங்க வாய்க்குள் வழிகாட்டியோடு இறங்கலாம். படிகள் செங்குத்து, ஈரம், முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள் இறங்குவதற்கு முன் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். கோயிலை முதலில் பார்த்துவிட்டுச் சுரங்கத்துக்குப் போகிறவர்கள்தான் அதிகம். நான் தலைகீழாகச் சொல்வேன். பாறையில் குடைந்த அந்தக் குறுகலான வழியில் முதுகில் மூட்டையோடு ஏறியவர்களை நினைத்துவிட்டு அதே காலையில் அந்தத் தங்கத்துக்கு முன் நிற்க வேண்டும்.

திரும்பி வந்து அல்ஹோந்திகா தெ கிரானதீதாஸ். தானியக் கிடங்காகக் கட்டியது, 1810-இல் விடுதலைப் போரின் முதல் பெரிய மோதல் இங்கே நடந்தது. இவ்வளவு பெரிய கிடங்கு ஏன் என்று கேளுங்கள், விளையாத மலையில் இத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்பதே விடை.

பிற்பகலில் மார்ஃபிலில் இருக்கும் சான் கப்ரியேல் தெ பர்ரேரா. இப்போது பூந்தோட்டம், முன்பு வெள்ளி சுத்திகரித்த பண்ணை. பூக்களுக்கு நடுவே மதில்களின் அகலத்தையும், தரை எப்படிப் படிப்படியாக இறங்குகிறது, தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே வெளியேறியிருக்கும் என்பதையும் தேடுங்கள். இரண்டாம் படியில் சொன்ன முற்றத்தை இங்கே மனதில் பொருத்திப் பார்க்கலாம்.

காரில் வந்தவர்கள் ஊர் எல்லையிலேயே நிறுத்திவிடுங்கள். பழைய ஆற்றுப் பாதையில் ஓடும் சுரங்கச் சாலைகளுக்குள் ஜி.பி.எஸ். வேலை செய்யாது, ஒரு திருப்பம் தப்பினால் ஊரின் மறுபக்கம்.

10. நடுவில் ஒரு நாள்: லாகோஸ் அல்லது அகுவாஸ்கலியெந்தெஸ்

லியோன் வழியாக பஸ் மாற வேண்டும். லாகோஸ் தெ மொரேனோவில் பாலமும் பழைய ஊரும், அகுவாஸ்கலியெந்தெஸில் ஊர் மையம். இரண்டில் ஒன்று போதும், நான் லாகோஸைத் தேர்ந்தெடுப்பேன், பாலத்தை நடந்தே அடையலாம். ஓஹுவேலோஸ் கோட்டை ஊரும் பட்டியலில் உண்டு, பஸ் இணைப்பு வசதியாக இல்லை, பகலில் போய்ப் பகலில் திரும்ப முடிந்தால் மட்டும்.

சாப்பாட்டை இங்கேயே சொல்லிவிடுகிறேன், வடக்கே போகப் போக இறைச்சி கூடும். சைவம் சாப்பிடுபவர்கள் "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது. பீன்ஸ் மசியலைப் பல இடங்களில் பன்றிக் கொழுப்பில்தான் தாளிப்பார்கள், "சின் மந்தேகா" (கொழுப்பு இல்லாமல்) என்று சேர்த்துச் சொல்லுங்கள். ராஹாஸ் கோன் கேசோ, அதாவது மிளகாய்க் கீற்றும் சீஸும், பிறகு நோபால் என்ற சப்பாத்திக்கள்ளி மடல் வதக்கல், இரண்டும் கோர்தீத்தா என்ற தடித்த சோள ரொட்டிக்குள் வைத்துக் கிடைக்கும். காரம் நமக்குப் பழகியதுதான்.

11. ஸகதேகாஸ்: குறைந்தது இரண்டு இரவு

1546-இல் இங்கே வெள்ளி கிடைத்ததால்தான் இந்தச் சாலையே வடக்கே நீண்டது. தெற்கே நீங்கள் பார்த்துவந்த பாலமும் கோட்டையும் பண்ணையும் இந்த ஊருக்காக.

முதல் நாள் காலை எல் எதேன் சுரங்கம். சின்ன ரயிலில் உள்ளே போய், நடந்து பார்த்து, மேல் வாசல் வழியாக வெளியே வந்தால் கேபிள் கார் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பீர்கள். அதில் ஏறி லா பூஃபா மலைக்குப் போய், அங்கிருந்து நடந்து இறங்குங்கள். எதிர்த்திசையில் செய்தால் அந்த உயரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏற வேண்டும். காற்று பலமாக இருந்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள், சுரங்க டிக்கெட் வாங்கும் இடத்திலேயே விசாரியுங்கள். சுரங்கத்துக்குள் குளிரும், மேல்சட்டை எடுத்துப் போங்கள்.

தேவாலயத்தை மாலைக்கு வையுங்கள், முகப்பில் வெயில் விழும் நேரம் அதுதான். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் செதுக்கல் எழுந்து நிற்கும். சாலையின் எதிர்ப்பக்கம் நின்று முதலில் முழுதாகப் பாருங்கள்: இயேசுவும் பன்னிரண்டு சீடர்களும் அடுக்கடுக்கான மாடங்களில் நிற்கிறார்கள். பிறகு கிட்டே போய் ஒரே ஒரு தூணை எடுத்துக்கொள்ளுங்கள். திராட்சைக் கொடி சுற்றி ஏறுகிறது, குலையின் ஒவ்வொரு பழமும் தனியாக உருண்டிருக்கிறது, இலைக்குப் பின்னால் உளி போன இடத்தில் ஆழமான நிழல். இளஞ்சிவப்பு எரிமலைக் கல் மிருதுவானது, அதனால்தான் இவ்வளவு நுணுக்கம் முடிந்தது, அதே காரணத்தால் மழையிலும் புகையிலும் தேய்கிறது. தொடாதீர்கள், குழந்தைகளையும் தொட விடாதீர்கள்.

இரண்டாம் நாள் குவாதலூப்பே. ஏழு கிலோமீட்டர்தான், டவுன் பஸ் போகும். பிரான்சிஸ்கன் துறவிகளின் கல்லூரி, வடக்கே போன சமயப் பணியாளர்கள் பயிற்சி பெற்ற இடம், ஓவியத் தொகுப்புக்காக அரை நாள் வேண்டும். இந்தப் பக்கத்து வயல்களிலும் குளங்களிலும் பழைய சுத்திகரிப்பின் பாதரசக் கழிவு மண்ணில் இன்னும் கலந்திருக்கிறது. சுரங்கக் கழிவு மேடுகளில் ஏறிக் கல் பொறுக்கும் வேலை வேண்டாம்.

12. துராங்கோ வரை நீட்டுபவர்களுக்கு

பகல் பஸ், கட்டணச் சாலை, ஐந்தாம் படியின் விசாரிப்பை மறுபடி செய்த பிறகு. நடுவில் சோம்ப்ரெரெதே, இன்னொரு சுரங்க ஊர், ஸகதேகாஸிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். ஊர் அளவுக்கு மீறிய கோயில்கள் இருக்கும், வெள்ளி எங்கே செலவானது என்று தெரியும். சியெர்ரா தெ ஓர்கானோஸ் பாறைகளும் பட்டியலில் உண்டு, அதற்கு ஊரில் விசாரித்து டாக்ஸி பேசிக்கொண்டு, மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள்.

துராங்கோவை ஒட்டி நவகோயான் பண்ணையும் பிசாசுப் பாலமும் இருக்கின்றன, இதுவரை பார்த்த பாலங்களோடு ஒப்பிட இது நல்ல இடம். வடக்கே மாபிமியில் ஓஹுவேலா சுரங்கத்துக்குப் போகும் தொங்குபாலம் 300 மீட்டருக்கு மேல் நீளம், 1890-களில் போட்டது, பலகை இடுக்கில் பள்ளம் தெரியும். உயரப் பயம் உள்ளவர்கள் இந்தப் பக்கமே உட்கார்ந்து பார்க்கலாம். அதற்கு துராங்கோவைவிட தொர்ரெயோனில் தங்கிப் போவது கிட்ட.

திரும்பும்போது அதே வழியில் பஸ்ஸில் வர வேண்டாம். துராங்கோவிலிருந்தும் தொர்ரெயோனிலிருந்தும் மெக்ஸிகோ நகருக்கு விமானம் உண்டு, மதிய விமானம் என்றால் ஜன்னல் சீட் கேளுங்கள். சர்வதேச விமானத்தை அதே நாளில் வைக்காதீர்கள், ஒரு இரவு இடைவெளி விடுங்கள்.